பிரைட்டனில் இரண்டு நாள்: எதை எந்த வரிசையில் பார்ப்பது

ஊரிலிருந்து அம்மா அப்பா லண்டனுக்கு வந்திருக்கிறார்கள், எட்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, பிரைட்டனுக்குக் கூட்டிப்போக ஒரு நாள் போதுமா, கடற்கரையை விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது என்பது கேள்வி.

ஒரு நாளில் போய்வர முடியும். ஆனால் இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்பதே என் பதில். ஒரு நாள் ஊருக்குள், மறுநாள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் வெள்ளைப் பாறைக் கரையில். ரயிலை விட்டு இறங்கியதும் நேராகக் கடற்கரைக்குப் போய், கூழாங்கல்லில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுவிட்டு, கடற்பாலத்தில் நாலு ராட்டினம் ஏறிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் "இவ்வளவுதானா பிரைட்டன்" என்று கேட்பதில் வியப்பில்லை. கடல் எங்கும் ஓடிப்போகாது. காலையில் அரண்மனை, மதியம் சந்துக்கடைகள், மாலையில் கடல் என்று வரிசையை மாற்றிக்கொண்டாலே பயணத்தின் தரம் மாறிவிடும்.

முதலில் போகும் வழி. லண்டனுக்குத் தெற்கே சுமார் 76 கிலோமீட்டர். விக்டோரியா நிலையத்திலிருந்து சதர்ன் ரயிலில் ஒரு மணி நேரம். செயின்ட் பாங்க்ராஸ், ஃபாரிங்டன், பிளாக்ஃபிரையர்ஸ், லண்டன் பிரிட்ஜ் நிலையங்களிலிருந்து தேம்ஸ்லிங்க் ரயில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். வடக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு வண்டி மாறும் தொல்லை இல்லாததால் அதுவே மேல். டிக்கெட் வாங்கும்போது எந்த ரயிலுக்குச் செல்லும் என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த டிக்கெட்டுகளில் சில, ஒரு குறிப்பிட்ட சேவைக்கு மட்டுமே செல்லும்; அதை வைத்துக்கொண்டு வேறு வண்டியில் ஏறினால் அபராதம். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் அட்டை கேட்விக் விமான நிலையம் வரைதான் செல்லும். லண்டனில் அதைத் தட்டி உள்ளே போய்விட்டு, பிரைட்டன் நிலையக் கதவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களை எந்த வார இறுதியிலும் பார்க்கலாம். பெரியவர்கள் மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து, கூட்ட நேரம் தவிர்த்துப் போனால் குரூப்சேவ் என்ற சலுகையில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அம்மா, அப்பா, நீங்கள் என்றாலே மூன்று பேர் ஆயிற்று. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாளப் பணி இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பணி இருந்தால் பாதி வழியில் பேருந்துக்கு மாற்றிவிடுவார்கள்; ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை மணி நேரமாகிவிடும்.

காரில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் ஊருக்குள் நுழையும் சாலையில் நின்று நகர்வதற்கே நேரம் போய்விடும். நிறுத்துமிடக் கட்டணம் லண்டனுக்குச் சளைத்ததல்ல.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் குயின்ஸ் ரோடு நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது. பதினைந்து நிமிட நடை, முழுக்க இறக்கம். வயதானவர்களுக்குத் திரும்பும்போது அதுவே ஏற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பேருந்து பிடித்துவிடுவது நல்லது. நகரப் பேருந்துகளில் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பு உண்டு. ஏறும்போது தட்டுவது போல இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதால் பெற்றோருக்குத் தனி அட்டை இல்லையென்றால் நாள் முழுக்கச் செல்லும் டே சேவர் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ராயல் பெவிலியன் என்ற அரண்மனை. பிரைட்டனில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1783இல் முதன்முறை இந்த ஊருக்கு வந்தார். கடற்காற்றும் கடல்நீர்க் குளியலும் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம்; அவருக்கோ அப்பாவின் கண்காணிப்பிலிருந்து தள்ளி இருக்க ஓர் இடமும் வேண்டியிருந்தது. ஒரு பண்ணைவீட்டில் தொடங்கியதை, 1815 முதல் 1823 வரை ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் இன்றைய உருவத்துக்கு மாற்றினார். வெளியே குமிழ்க் கோபுரங்களும் மினார்களும் சாளரச் சல்லடைகளும். உள்ளே போனால் முழுக்கச் சீன பாணி. நாஷ் இந்தியாவுக்குப் போனவர் அல்ல. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த படத் தொகுதிகளைப் பார்த்துத்தான் வெளித்தோற்றத்தை வடிவமைத்தார். அந்த டேனியல்கள் மதுரையையும் மாமல்லபுரத்தையும்கூட வரைந்தவர்கள். ஆனால் பெவிலியனின் கோபுரங்களில் தெரிவது வடநாட்டு முகலாயச் சாயல்தான். தமிழ்நாட்டுக் கோயிலின் தடம் எதுவும் அதில் இல்லை.

உள்ளே எல்லோரும் வாய்பிளந்து நிற்கும் இடம் விருந்துக்கூடம். அங்கே சரவிளக்கை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் அதற்கு மேலே கூரையைப் பாருங்கள். குவிமாடம் முழுக்க விரிந்திருப்பது வாழை இலைகள். பெரிய வாழை மரம் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோலவே தீட்டியிருக்கிறார்கள். நரம்பு வரை தெரியும். அந்த இலைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளி நிற டிராகன் ஒன்று தொங்குகிறது. அதன் நகங்களில்தான் சரவிளக்கு. உயரம் சுமார் ஒன்பது மீட்டர், எடை ஏறத்தாழ ஒரு டன். கீழே ஆறு சின்ன டிராகன்கள் தாமரை வடிவக் கண்ணாடி விளக்குகளைத் தாங்கி நிற்கின்றன. பக்கத்திலேயே சமையற்கட்டு: கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களின் உச்சியில் செம்பில் பனை ஓலைகள். வரிசையாக அடுக்கியிருக்கும் செப்புப் பாத்திரங்களைப் பார்த்தால் அம்மாவை அங்கிருந்து நகர்த்துவது சிரமம். இசைக்கூடத்தின் குவிமாடத்தில் பொன்முலாம் பூசிய சிப்பி வடிவங்கள் சுமார் 26,000. 1975இல் யாரோ வைத்த தீயில் அந்த அறை பெரிதும் சேதமானது. பாடுபட்டுச் சீரமைத்து முடிக்கும் சமயத்தில், 1987 அக்டோபர் புயலில் மேலிருந்த கல் உருண்டை ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. இன்று நீங்கள் பார்ப்பது இரண்டாவது முறை சீர்செய்யப்பட்ட கூரை.

குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டால் இரண்டு. கடைசி நுழைவு, மூடும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே முடிந்துவிடும். கோடையிலும் குளிர்காலத்திலும் நேரம் வேறு. காலையில் திறந்தவுடன் போங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பதினொரு மணிக்கு மேல் குழுக்கள் வரத் தொடங்கிவிட்டால் விருந்துக்கூடத்தில் நின்று பார்க்க இடம் இருக்காது.

இந்த அரண்மனைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. பல சுற்றுலாக் குறிப்புகளில் அதை ஒற்றை வரியில் தாண்டிவிடுகிறார்கள். விக்டோரியா அரசிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. 1850இல் அரண்மனை ஊராரின் கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்தில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1914 டிசம்பரில் இதை மருத்துவமனை ஆக்கினார்கள். அரண்மனை, பக்கத்திலிருந்த குதிரை லாயக் குவிமாடம், தானியச் சந்தைக் கூடம் மூன்றும் சேர்ந்து எழுநூற்றுக்கும் மேல் படுக்கைகள். சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கட்டுகள் நடந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடிநீர்க் குழாய்கூடத் தனித்தனி. 1916 ஜனவரி வரை இப்படி இயங்கியது. அந்த டிராகன் விளக்குகளின் கீழே பஞ்சாபிலிருந்தும் கர்வாலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போன இளைஞர்கள் வரிசையாகப் படுத்திருக்கும் புகைப்படங்களை அரண்மனைக்குள்ளேயே ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள். ஐரோப்பாவில் யாருடைய போருக்காகவோ கை கால் இழந்தவர்கள் அவர்கள்; அரண்மனைப் படுக்கை கிடைத்தது என்பதற்காக அது மறந்துவிடக் கூடியதல்ல. வெளியே வரும்போது தெற்கு வாயிலில் நிற்கும் குவிமாடத் தோரணம், இந்திய மக்களின் நன்றிக் கொடையாக 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தது.

அந்த மருத்துவமனைகளில் இறந்தவர்களில் முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில் அடக்கம் செய்தார்கள். இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வடக்கே பேட்சம் அருகே குன்றின் மேல் தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். சிதை எரிந்த மேடைகள் இருந்த இடத்தில் எட்டுத் தூண்களும் ஒரு குவிமாடமுமாக வெள்ளைப் பளிங்கில் எழுந்ததுதான் சத்ரி. 1921 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 53 பேரின் பெயர் பொறித்த கல் 2010இல்தான் பக்கத்தில் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அங்கே அஞ்சலி நடக்கிறது. வண்டி அங்கே வரை போகாது. பேட்சம் வரை பேருந்தில் போய், நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டி, ஆடு மேயும் புல்வெளி வழியே சுமார் இரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். மழைக்குப் பிறகு சேறு வழுக்கும். ஷூ இல்லாமல் முடியாது. வேலிக் கதவுகளைத் திறந்தால் மறுபடி மூடிவிட்டு வாருங்கள், ஆடுகள் வெளியேறிவிடும். முட்டிவலி உள்ளவர்களுக்கு இது கடினம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்குக் கடற்பாலத்தை விட்டுவிட்டாவது இதைப் பார்க்கச் சொல்வேன்.

மதிய வேளைக்குச் சந்துகள். இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பலரும் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பெவிலியனுக்குத் தென்மேற்கே கடலுக்கு அருகில் இருப்பது தி லேன்ஸ்: இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போக வேண்டிய குறுகிய சந்துகள், பெரும்பாலும் நகைக்கடைகள். பழைய மோதிரங்கள் பார்க்க அழகு, விலை தாராளம். நிலையத்துக்கும் பெவிலியனுக்கும் நடுவில் இருப்பது நார்த் லேன்: கார்டனர் ஸ்ட்ரீட், கென்சிங்டன் கார்டன்ஸ், சிட்னி ஸ்ட்ரீட் என்று நீளும் தெருக்களில் பழைய இசைத்தட்டு, பழைய துணி, கைவினைப் பொருள், சைவ உணவு. உலாவ இதுதான் சுவையான இடம். சனிக்கிழமை கூட்டம் நெரியும். பிள்ளையின் கையை விடாதீர்கள்.

சாப்பாடு பற்றி நேராகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சைவ உணவுக்குப் பேர்போன ஊர்களில் இது முன்வரிசை. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் டெர் ஆ டெர் 1993 முதல் நடக்கும் முழுச் சைவ உணவகம். விலை கூடுதல், முன்பதிவு வேண்டும். நார்த் லேனில் குறைந்த செலவில் வயிறு நிறையும். கடற்கரைக் கடைகளில் சிப்ஸ் வாங்கும் சைவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: "என்ன எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" தாவர எண்ணெய் பயன்படுத்தும் கடைகளும் உண்டு, மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. தாவர எண்ணெய்தான் என்றாலும் மீனுக்கும் சிப்ஸுக்கும் ஒரே வாணலியா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். கடைக்காரர்களுக்கு இது பழகிய கேள்வி, தவறாக நினைக்க மாட்டார்கள்.

பொட்டலத்தை வாங்கியதும் வானத்தைப் பாருங்கள். இங்கே இருக்கும் கடற்காகங்கள் இறக்கையை விரித்தால் கோழியை விடப் பெரியவை. பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். கையை நீட்டிப் பேசிக்கொண்டே சாப்பிட்டால் மீன் போயிற்று. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டியின் மூடியைப் பாதி மூடியபடி சாப்பிடுங்கள். குழந்தை ஐஸ்கிரீமோடு தனியாக நிற்க வேண்டாம். ஒரு துண்டு வீசிவிட்டால் நாற்பது வந்து சேரும். ஆகவே வீசவே கூடாது.

இனிக் கடல். மெரினாவையோ திருச்செந்தூரையோ மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மணல் கிடையாது. கரை முழுக்கக் கூழாங்கல். கடல் நன்றாக வற்றும்போது அடியில் கொஞ்சம் மணல் எட்டிப்பார்க்கும், அவ்வளவே. இந்தக் கற்கள் வந்த கதை தெரிந்தால் மறுநாள் பயணமும் சேர்ந்து புரியும். கிழக்கே நீளும் வெண்சுண்ணப் பாறைகளுக்குள் தீக்கல் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. அலை அடித்துப் பாறை சரியும்போது சுண்ணம் பாலாகக் கரைந்துபோக, தீக்கல் மட்டும் மிஞ்சி, உருண்டு உருண்டு மழுங்கி இப்படிக் குவிகிறது. வெறுங்காலில் நடந்தால் பாதம் கத்தும். தண்ணீரில் போடும் ரப்பர் அடிச் செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி அவசியம். உட்கார ஜமக்காளம் போதாது, மெத்தென்று ஏதாவது வேண்டும் அல்லது சாய்வு நாற்காலி வாடகைக்கு எடுங்கள்.

இறங்கிக் குளிப்பதில் கவனம் வேண்டும். கூழாங்கல் கரை செங்குத்தாகச் சரியும். நாலு எட்டு வைத்தால் இடுப்பளவு, இன்னும் இரண்டு எட்டில் ஆழம். அலை தூரத்தில் உடையாமல் கரையோரத்திலேயே மொத்தமாக விழுந்து உடைகிறது. திரும்பும் நீர் காலுக்கடியில் இருக்கும் கல்லையும் சேர்த்து இழுக்கிறது. நீந்தத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் வெளியே வரும்போதுதான் விழுகிறார்கள். அலை ஒன்று உடைந்து முடிந்ததும் அதன் பின்னாலேயே விரைந்து ஏறி வந்துவிட வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நின்று பேசக் கூடாது. கோடை விடுமுறைக் காலத்தில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். செங்கொடி என்றால் காலை நனைக்கவும் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் நீர் 17 முதல் 19 டிகிரி வரை வரும். நம் கடல் 28, 29 டிகிரி. திடீரென இறங்கினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். காலிலிருந்து மெல்ல நனைத்துக்கொண்டு போக வேண்டும். யாராவது சிக்கிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், 999ஐ அழைத்துக் கடலோர மீட்புப் படையான கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் அறிந்துவைக்க இன்னொன்று: கிழக்குக் கோடியில், கடற்கரையின் ஒரு சிறு பகுதி 1980 முதல் ஆடையின்றிக் குளிப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பலகை வைத்திருப்பார்கள். சங்கடப்படுவீர்கள் என்றால் அந்தப் பக்கம் கீழே இறங்காமல் மேல் சாலையில் நடந்துவிடுங்கள்.

கடற்பாலங்கள் இரண்டு. பேலஸ் பியர் 1899இல் திறந்தது, அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். வெகுகாலம் இலவசமாக இருந்த நுழைவுக்கு 2024 முதல் வெளியூர்க்காரர்களிடம் சிறு கட்டணம் வாங்குகிறார்கள். ராட்டினங்கள் எல்லாம் கடைசிக் கோடியில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் பணம் கரையும். பிள்ளை ஐந்தாறு ராட்டினம் ஏறும் என்றால் கைப்பட்டை வாங்குவது மிச்சம். ஆனால் முதலில் உயரக் கட்டுப்பாட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காற்று பலமாக அடித்தால் பல ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். மேற்கே கடலுக்குள் இரும்பு எலும்புக்கூடாக நிற்பது வெஸ்ட் பியர். 1866இல் திறந்து 1975இல் மூடியது. 2002 டிசம்பர் புயலில் ஒரு பகுதி சரிந்தது, 2003இல் இரண்டு முறை தீ பிடித்தது. அதைப் படமெடுக்கக் கடல் வற்றிய மாலை நேரம் சிறந்தது.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கடற்கரையில் ஒரு பெரிய பரிசு இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிலிருந்து, ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடிக் கடலுக்கு மேல் ஒரே உடலாகச் சுருண்டும் விரிந்தும் பறந்துவிட்டு, கடற்பாலத்தின் அடியில் இறங்கி அடைகின்றன. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் சோளக்குருவியின் உறவு இது. காற்றும் மழையும் இல்லாத மாலையில் இரண்டு பாலங்களுக்கும் நடுவே கரையில் நின்று பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

பிள்ளைக்காக இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். கடலோரம் ஓடும் வோல்க்ஸ் மின்ரயிலை மாக்னஸ் வோல்க் 1883இல் தொடங்கினார். இன்னும் ஓடும் மின்ரயில்களில் உலகிலேயே பழையது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான் ஓடும், தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். அதன் தொடக்கத்துக்கு எதிரே 1872இல் திறந்த மீன்காட்சியகம்; டிக்கெட்டை வாசலில் வாங்காமல் இணையத்தில் வாங்கினால் விலை குறையும். கரையோர வளைவுக் கூடங்களில் இருக்கும் மீன்பிடி அருங்காட்சியகம் இலவசம், கால் மணியில் முடியும். டைக் ரோட்டில் உள்ள பூத் அருங்காட்சியகமும் இலவசம். கண்ணாடிப் பெட்டிகளில் பறவைகளை அவற்றின் வாழிடத்தோடு அமைத்திருக்கிறார்கள், மழை நாளுக்கு ஏற்றது. பெவிலியன் தோட்டத்தில் இருக்கும் நகர அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். 162 மீட்டர் உயரமான ஐ360 காட்சிக் கோபுரம் 2016இல் திறந்து, 2024 இறுதியில் கடனில் மூழ்கி, 2025இல் கைமாறியது. போவதற்கு முன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினாலும், வானம் தெளிவாக இல்லாவிட்டால் பணம் வீண்.

கிரிக்கெட் பிடித்த அப்பா என்றால் பிரைட்டனை ஒட்டிய ஹோவ் பக்கம் ஈட்டன் ரோட்டில் இருக்கும் சசெக்ஸ் கவுண்டி மைதானத்தைக் காட்டுங்கள். ரஞ்சிசிங்ஜியும் துலீப்சிங்ஜியும் ஆடியது சசெக்ஸ் அணிக்குத்தான். ரஞ்சியின் பெயரிலான கோப்பையின் முதல் ஆட்டம் 1934இல் சேப்பாக்கத்தில் நடந்தது என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார். ஆட்டம் இருக்கும் நாளில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இரண்டாம் நாள் வெள்ளைப் பாறைகள். செவன் சிஸ்டர்ஸ் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். நகர மையத்திலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் வரிசைப் பேருந்தில் ஏறுங்கள்; மாடியில் வலப்பக்க முன்னிருக்கை கிடைத்தால் வழி முழுக்கக் கடல். ஒரு மணி நேரத்தில் எக்ஸீட் என்ற நிறுத்தம். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். நடுவே கக்மியர் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்க இந்தப் பகுதியில் பாலம் எக்ஸீட்டில் மட்டுமே இருக்கிறது, முகத்துவாரத்தில் கிடையாது. அட்டைப்படங்களில் வரும், சிறு வீடுகளுக்குப் பின்னால் பாறைகள் அலையலையாக நிற்கும் காட்சி மேற்குக் கரையிலிருந்து தெரிவது. பூங்கா மையம் இருப்பதோ கிழக்குக் கரையில். மையத்திலிருந்து கூட்டத்தோடு நடந்து கடலை அடைந்தவர்கள், எதிர்க்கரையில் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு, தாண்ட வழியில்லாமல் நிற்பார்கள். சுற்றி வருவதென்றால் நாலு கிலோமீட்டர். ஆகவே படம்தான் வேண்டும் என்றால் பாலத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து நடையைத் தொடங்குங்கள். கடலைத் தொட்டு உட்கார வேண்டும், பாதை சமதளமாக இருக்க வேண்டும் என்றால் கிழக்குக் கரை. போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு.

திடமானவர்கள் கிழக்குக் கரையிலிருந்து பாறைகளின் முதுகேறி பிர்லிங் கேப் வரை நடக்கலாம். ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு மேடும் இறங்கி ஏற வேண்டியது, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் ஒரு மரத்தளவும் இல்லை. தண்ணீர் கையில் வேண்டும். பிர்லிங் கேப்பிலிருந்து திரும்பும் பேருந்து எல்லா நாளும் ஓடாது. நேரத்தை முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் நடையைத் தொடங்க வேண்டும்.

விளிம்புக்குப் போகாதீர்கள். மேலே நின்றால் உறுதியான புல்தரை போலத்தான் தெரியும். அடியில் அலை அரித்து உள்வாங்கியிருக்கும். நீங்கள் நிற்பது வெறும் புல்லும் மண்ணுமான விதானமாக இருக்கலாம். எச்சரிக்கையே இல்லாமல் டன் கணக்கில் சரியும். விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் தெரிந்தால் அதற்கு உட்புறமாக இன்னும் தள்ளி நில்லுங்கள். குறைந்தது ஐந்து மீட்டர் இடைவெளி எப்போதும் வேண்டும். கீழே கடற்கரையில் நடப்பவர்களும் பாறையின் அடியில் நிழலுக்கு உட்காரக் கூடாது. கடல் ஏறத் தொடங்கினால் பாறைக்கும் நீருக்கும் நடுவே வழி அடைபட்டுவிடும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஆறு மீட்டருக்கும் மேல். நம் சென்னையில் ஒரு மீட்டர் அளவே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வேகம் புரியாது. கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிரைட்டன் மெரினா என்ற படகுத்துறையிலிருந்து சால்ட்டீன் வரை, வெண்பாறையின் அடியிலேயே கடலை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் கான்கிரீட் நடைபாதை. ஏற்ற இறக்கம் இல்லை. சக்கர நாற்காலியும் போகும். பாறைச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் வெள்ளைச் சுண்ணத்துக்குள் கருந்தீக்கல் வரிகளைப் பிள்ளைக்குக் காட்டலாம். முந்தின நாள் காலடியில் நொறுநொறுத்த கற்களின் பிறப்பிடம் அதுதான். மூன்று கிலோமீட்டரில் ராட்டிங்டீன் வரும். 1802ஆம் ஆண்டுக் காற்றாலை, ஒரு குளம், தேநீர்க்கடைகள், பழைய வீடுகள் கொண்ட சிற்றூர். அங்கே சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம். கடல் சீறும் நாளிலும் பாறை சரிந்த பிறகும் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். வேலி போட்டிருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

தேதி தேர்வு பற்றி. ஆகஸ்ட் முதல் வார இறுதியில் பால்புதுமையினரின் பிரைடு விழா; ஊரே கொண்டாட்டத்தில் திளைக்கும், அதைப் பார்க்கவே போவதென்றால் சரி. மற்றபடி அறை வாடகை பல மடங்கு, ரயிலில் நிற்க இடம் இருக்காது. மே மாதம் முழுக்கக் கலைவிழா. நவம்பர் முதல் ஞாயிறன்று லண்டனிலிருந்து 1905க்கு முற்பட்ட கார்கள் ஊர்ந்து வந்து கடற்கரைச் சாலையில் சேரும், இலவசமாகப் பார்க்கலாம். கோடை வார இறுதிகளில் பல விடுதிகள் இரண்டு இரவுக்குக் குறைந்து தருவதில்லை. ஞாயிறு, திங்கள் தங்கினால் கிடைக்கும், விலையும் இறங்கும். எனக்குக் கேட்டால் ஜூன் அல்லது செப்டம்பரில், வாரநாட்களில் போகச் சொல்வேன். எந்த மாதமானாலும் காற்று தடுக்கும் மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், தென்மேற்குக் காற்றில் கடற்கரைச் சாலையைத் தாண்டுவதற்குள் கம்பி முறிந்துவிடும்.

ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால்: பத்து மணிக்குள் பெவிலியன், நார்த் லேனில் மதிய உணவு, இரண்டு மணிக்குப் பேருந்தில் ராட்டிங்டீன் போய்ப் பாறையடிப் பாதையில் மெரினா நோக்கித் திரும்பி நடை, மாலையில் கடற்பாலம். செவன் சிஸ்டர்ஸை அந்த ஒரே நாளுக்குள் திணிக்காதீர்கள். போக வர இரண்டு மணி நேரம் பேருந்திலேயே போய்விடும், இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.